கண் சொக்கும் நேரத்துக் காட்சிகள்

படுக்கும் முன் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது கனவைத் துலக்கமாக்குமா? கேட்ட கனவு வரும் என்று ஆசைகாட்டும் காணொளிகள் ஒரு பக்கம். கெட்ட கனவுக்குப் பயந்து தூக்கத்தையே தள்ளிப்போடுகிறவர்கள் மறுபக்கம். ஆய்வகச் சான்றுகள் யாருக்குக் கைகொடுக்கின்றன?

கணினித் திரையின் உச்சியிலிருந்து கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. விசையைத் தட்டி அவற்றைத் திருப்ப வேண்டும், நகர்த்த வேண்டும், கீழே இடுக்கு விழாமல் அடுக்க வேண்டும். டெட்ரிஸ் விளையாட்டு. ஆடுகிறவரின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதி சிதைந்துபோயிருக்கிறது. புதிதாக நடப்பது எதுவும் அவருக்குள் தங்குவதில்லை. முந்தைய தடவை இதே விளையாட்டை ஆடியது நினைவில்லை. சொல்லிக்கொடுத்தவரின் முகமும் நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கற்றுத்தர வேண்டியிருக்கிறது. இரவில் படுத்துக் கண் சொக்கும் நேரத்தில், மனத்தில் இப்போது என்ன ஓடுகிறது என்று கேட்கிறார்கள். கட்டைகள் மாதிரி ஏதோ வடிவங்கள், பக்கவாட்டில் திரும்புகின்றன, எங்கிருந்து வருகின்றன என்று தெரியவில்லை என்கிறார்.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவினரும் 2000-ம் ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இது. மொத்தம் 27 பேர் கலந்துகொண்டார்கள். 12 பேர் விளையாட்டுக்குப் புதியவர்கள், 10 பேர் கை தேர்ந்தவர்கள், 5 பேர் நினைவிழப்பு நோயாளிகள். படுத்த பிறகு கட்டைகள் விழுவதைக் கண்டதாக 17 பேர் சொன்னார்கள். அந்த 17 பேரில் 3 பேர், தாங்கள் விளையாடியதையே அறியாத நோயாளிகள். கனவு ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் ஒரு சந்தேகத்தை இந்த மூவர் தீர்த்துவைக்கிறார்கள். ‘ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப ஒரு கனவைச் சொல்லிவிடுகிறார்கள்’ என்பதே அந்தச் சந்தேகம். எதை ஆடினோம் என்பதே தெரியாதவரால் யாருடைய எதிர்பார்ப்பையும் நிறைவேற்ற முடியாது. விழித்திருந்தபோது கண் எதில் ஊன்றியிருந்ததோ, அது நாம் நினைவுகூராமலே, நம் சம்மதமும் இல்லாமலே தூக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

இன்றைக்குத் தமிழில் வரும் ரீல்ஸ்களிலும் யூடியூப் பேச்சுகளிலும் ‘தூங்கப்போகும் முன் இதைக் காட்சியாகப் பாருங்கள்’ என்ற அறிவுரை இல்லாத நாளே இல்லை. வீடு வேண்டுமா, வேலை வேண்டுமா, விட்டுப்போனவர் திரும்ப வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இதே வழி. கனவில் வந்துவிட்டால் வாழ்க்கையிலும் வந்துவிடும் என்ற உறுதிமொழியும் கூடவே வருகிறது. இந்த இரண்டாவது கூற்றுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அதற்கு இங்கே அதிக இடம் தரத் தேவையில்லை. முதல் கூற்று அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. படுக்கும் முன் மனத்தில் ஓட்டும் காட்சி கனவின் பொருளை அசைக்கும், சில நிலைகளில் அதன் துலக்கத்தையும் கூட்டும். இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், வெற்றிக்குக் குறுக்கு வழி தேடுகிறவர்களைவிட, கனவால் துன்பப்படுகிறவர்களுக்கே அவை மிகுதியாக உதவுகின்றன. அவர்களைத்தான் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கதவு திறந்திருக்கும் நேரம்

விழிப்பிலிருந்து தூக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு சில நிமிடங்கள் வருகின்றன. காதில் பேச்சு விழும், பொருள் ஏறாது. கண்ணை மூடியிருந்தாலும் முகங்கள், கோலங்கள், தெருக்கள் தோன்றி மறையும். பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் மோரி 1848-லேயே இதற்கு ஒரு பெயர் சூட்டி விவரித்துவிட்டார். பிறகு 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதேனியல் கிளைட்மனும் விரைவுக் கண்ணசைவு உறக்கத்தை, அதாவது ரெம் உறக்கத்தைக் கண்டறிந்தார்கள். கனவு என்றாலே ரெம்தான் என்ற எண்ணம் பரவி, இந்த நுழைவாயில் நிமிடங்கள் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. டெட்ரிஸ் ஆய்வு அவற்றை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தது.

அந்த நேரத்தில் மூளைக்குள் நடப்பதை ஜப்பானின் கியோட்டோவில் யுகியாசு கமிடானியின் குழு 2013-ல் இன்னும் நெருங்கிப் பார்த்தது. மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் மூன்று பேரைத் தூங்கவைத்தார்கள். கண்ணயர்ந்ததும் எழுப்பி, என்ன கண்டீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு திரும்பத் தூங்கவிட்டார்கள். இப்படியே பல நூறு தடவை. விழித்திருக்கும்போது படங்களைக் காட்டி மூளையின் பார்வைப் பகுதி எப்படிச் செயல்படுகிறது என்று கணினிக்குப் பழக்கினார்கள். தூக்கத்தின் வாசலில் அவர்கள் கண்ட காட்சியில் என்னென்ன வகைப் பொருள்கள் இருந்தன என்பதை அதே கணினி, குருட்டு ஊகத்தைவிடத் தெளிவாகக் கூடுதலான அளவில், கணித்துச் சொன்னது. பார்ப்பதற்குப் பயன்படும் அதே பகுதிகள்தான் கண்ணயரும் நேரத்துக் காட்சிகளுக்கும் பயன்படுகின்றன என்பது இதனால் உறுதியாகிறது. கண்ணை மூடி ஒரு மாமரத்தை நினைத்துப் பார்க்கும்போதும் இதே பகுதிகள்தான் ஓரளவு விழிக்கின்றன. படுக்கும் முன் செய்யும் கற்பனை கனவின் மேடையிலேயே நடக்கும் ஒத்திகை என்று சொல்வதற்கு இது போதுமான காரணம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஆடம் ஹார் ஹோரோவிட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய ‘டோர்மியோ’ என்ற கருவி இந்த வாசலையே குறிவைக்கிறது. கையில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி அது. விரல்களின் தளர்ச்சி, இதயத் துடிப்பு, தோலில் ஓடும் நுண்மின்சாரத்தின் மாற்றம் ஆகியவற்றைக் கொண்டு ஆள் கண்ணயர்வதை அறிகிறது. தூங்கத் தொடங்கும்போது ‘மரத்தைப் பற்றி நினையுங்கள்’ என்று ஒரு குரல். சற்று நேரம் கழித்து, ‘இப்போது என்ன ஓடுகிறது?’ என்று மற்றொரு கேள்வி. 2020-ல் வெளியான முடிவுகளின்படி, கனவு விவரிப்புகளில் 67 சதவீதத்தில் மரம் ஏதோ ஒரு வகையில் வந்திருந்தது. 2023-ல் 49 பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், மரத்தை நினைத்துக் கண்ணயர்ந்தவர்கள், எதையும் நினைக்கச் சொல்லாமல் தூங்கவிடப்பட்டவர்களைவிட மரம் தொடர்பான ஆக்கத்திறன் பணிகளில் 43 சதவீதம் மேலாகச் செய்தார்கள்.

இந்த எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும். இங்கே காட்சிக்கும் கனவுக்கும் நடுவே சில நிமிட இடைவெளிதான். பத்து மணிக்குப் படுத்து ஒன்றை நினைத்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக் கனவில் அதை எதிர்பார்ப்பது வேறு விஷயம். இரவின் நீண்ட, கதைபோல ஓடும் கனவுகள் ரெம் உறக்கத்தில்தான் மிகுதி. அந்த உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. படுக்கும் நேரத்து நினைப்பு அவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும். போய்ச் சேர்கிறதா? சேர்கிறது, ஆனால் வலுக் குறைந்து. ஹார்வர்டின் டியர்டிரி பாரெட் 1993-ல் 76 மாணவர்களை ஒரு வாரம், தங்கள் சொந்தச் சிக்கல் ஒன்றை மனத்தில் வைத்துப் படுக்கச் சொன்னார். ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் அதையொட்டிய கனவு வந்தது. ஒரு வாரம் முயன்றும் மறுபாதிப் பேருக்கு வரவில்லை. மாண்ட்ரியாலில் டோர் நீல்சனின் ஆய்வுகள், பகலில் நடந்தது உடனே அன்றிரவிலோ, ஐந்து முதல் ஏழு நாள் கழித்தோ கனவில் தலைகாட்டும் போக்கு இருப்பதைக் காட்டுகின்றன. நேற்று நினைத்தேன், இன்று வரவில்லை என்று கணக்கை உடனே முடித்துவிடுவது அவசரம்.

பெட்டிச் செய்தி: வெளியிலிருந்து எவ்வளவு நுழைகிறது?
வில்லியம் டிமென்ட், எட்வர்ட் வோல்பர்ட் இருவரும் 1958-ல் ரெம் உறக்கத்தில் இருந்தவர்களைத் தூண்டிவிட்டு, பிறகு எழுப்பிக் கனவைக் கேட்டார்கள். தோலில் குளிர்ந்த நீரைத் தெளித்தபோது 42 சதவீதக் கனவுகளில் அது நுழைந்தது. வெளிச்சம் பாய்ச்சியபோது 23 சதவீதம். ஒலி எழுப்பியபோது 9 சதவீதம் மட்டுமே. தூங்குகிறவரின் காதில் ரகசியமாக ஓதி வைத்தால் மனம் மாறும் என்ற நம்பிக்கைக்கு அந்த மூன்றாவது எண் நல்ல பதில்.

துலக்கம் கனவிலா, நினைவிலா?

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. கனவு துலக்கமாக இருந்தது என்று ஒருவர் காலையில் சொல்கிறார். உண்மையில் கனவே துலக்கமாக இருந்ததா, அல்லது வழக்கமாக மறந்துபோவது இன்று மறக்காமல் நின்றதா? இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. லியோனில் பெரின் ரூபியின் குழு 2014-ல், அடிக்கடி கனவை நினைவுகூர்கிறவர்களையும் எப்போதாவது நினைவுகூர்கிறவர்களையும் தூங்கவைத்து ஒப்பிட்டது. முதல் கூட்டத்தார் இரவில் நடுநடுவே விழித்திருந்த நேரம் சராசரி 30 நிமிடம், இரண்டாம் கூட்டத்தாருக்கு 14 நிமிடம். அந்தச் சிறு விழிப்புகளில்தான் கனவு நினைவில் பதிகிறது. அப்படியானால், ‘இன்று கனவு காணப்போகிறேன்’ என்ற ஆவலோடு படுக்கிறவர் சற்று விழிப்பாகவே தூங்குவார், எழுந்ததும் கனவைத் தேடுவார், ஆகவே துலக்கமாகக் கண்டதாக உணர்வார். கற்பனைக்கு இதில் பங்கே இல்லை என்று வாதிடலாம்.

வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. படுக்கும் முன் காட்சி ஓட்டத் தொடங்கியவர்கள் ‘கனவு இப்போதெல்லாம் பளிச்சென்று வருகிறது’ என்று சொல்வதில் பெரும் பங்கு நினைவுக்குத்தான் போக வேண்டும். தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டாலே இதே பலன் கொஞ்சம் கிடைக்கும். எழுந்ததும் புரளாமல், கைப்பேசியை எடுக்காமல், சற்று அப்படியே கிடந்து யோசித்தாலும் கிடைக்கும். ஆனால் மீதிப் பாதி நிற்கவில்லை. நினைவு மட்டுமே காரணம் என்றால் எல்லாக் கனவுகளும் ஒரேபோலக் கூட வேண்டும். நினைத்த பொருள் மட்டும் மிகுதியாக வரக் காரணமில்லை. மரத்தை நினைத்தவருக்கு மரம் வருகிறது, சிக்கலை நினைத்தவருக்குச் சிக்கல் வருகிறது. மனக்காட்சித் திறனே இல்லாதவர்களிடமிருந்தும் ஒரு சான்று கிடைக்கிறது. கண்ணை மூடினால் எந்தக் காட்சியுமே தோன்றாத மனிதர்கள் இருக்கிறார்கள். பெற்ற தாயின் முகத்தை அடையாளம் தெரியும், மனக்கண்ணில் கொண்டுவர முடியாது. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஜீமன் 2015-ல் இந்த நிலைக்கு ‘அஃபேன்டேசியா’ என்று பெயரிட்டார். ஆஸ்திரேலியாவில் 2020-ல் இத்தகைய 267 பேரை ஆராய்ந்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் குறைவாகக் கனவு காண்பதாகவும், காணும் கனவிலும் புலன் விவரங்கள் மங்கலாக இருப்பதாகவும் தெரிந்தது. விழிப்பில் காட்சியைக் கொண்டுவரும் ஆற்றலும் கனவின் துலக்கமும் உறவினர்கள்தான்.

உறவினர்கள், ஒரே ஆள் அல்ல. விழிப்பில் எதையும் காண முடியாத அதே மக்களில் பலர் தூக்கத்தில் வண்ணக் கனவு காண்கிறார்கள். முயன்று வரவழைக்கும் காட்சியும் தானே வரும் காட்சியும் வேறு வேறு பாதையில் வருகின்றன என்றுதான் இதற்குப் பொருள். படுக்கும் முன் செய்யும் கற்பனையின் எல்லையும் இங்கேதான் விழுகிறது. இரவில் பாலுக்கு உறை ஊற்றுவதைப் போன்றது அது. ஊற்றும் சொட்டு நம் கையில் இருக்கிறது. பால் எப்படிப்பட்டது, அன்றிரவின் வெக்கை எவ்வளவு என்பவை நம் கையில் இல்லை. கனவுக்கு அந்தப் பால், பல நாள் நினைவுகளும் கவலைகளும் உடம்பின் நிலையும்தான். கதையை அவையே நெய்கின்றன. பாரெட்டின் மாணவர்களும் தாங்கள் நினைத்துப் படுத்த காட்சியை அப்படியே காணவில்லை. அதையொட்டிய வேறொன்றைத்தான் கண்டார்கள்.

தள்ளத் தள்ள வருவது

ஹார்வர்டின் டேனியல் வெக்னரும் உடன் பணியாற்றியவர்களும் 2004-ல் செய்த ஆய்வு, இந்தப் பழக்கத்தில் இறங்குகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மாணவர்கள் படுக்கும் முன் தமக்குத் தெரிந்த ஒருவரை மனத்தில் குறித்துக்கொண்டு, 5 நிமிடம் மனத்தில் ஓடுவதை எழுத வேண்டும். சிலரிடம் அவரையே நினைக்கச் சொன்னார்கள். சிலரிடம் அவரை நினைக்கவே கூடாது என்றார்கள். மற்றவர்கள் விருப்பம்போல எழுதினார்கள். காலையில் கனவுகளைக் கேட்டால், ‘நினைக்கவே கூடாது’ என்று அடக்கிப் படுத்தவர்களின் கனவில்தான் அந்த ஆள் மிகுதியாக வந்திருந்தார். நினைத்துப் படுத்தவரைவிட, நினைக்க மறுத்துப் படுத்தவருக்கு.

நம் வீடுகளில் படுக்கை நேரத்தில் ஓயாமல் சொல்லப்படும் ஒரு வார்த்தை, ‘அதையெல்லாம் நினைக்காமல் தூங்கு’ என்பது. தேர்வுக்கு முந்தைய இரவில் பிள்ளைக்குச் சொல்கிறோம், கடன் கவலையில் புரளும் கணவருக்கு மனைவி சொல்கிறார், சாவு வீட்டிலிருந்து திரும்பியவருக்கு உறவினர் சொல்கிறார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் வெறுமனே தள்ளச் சொல்வது, தள்ளியதைக் கனவுக்கு அனுப்பிவைக்கக்கூடும். தள்ளுவதற்குப் பதில் அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது நல்ல வழி. ஆக்ஸ்ஃபோர்டில் அலிசன் ஹார்வியும் சுசானா பெய்னும் 2002-ல் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 41 பேரிடம் இதைச் சோதித்தார்கள். இதமான ஒரு காட்சியை விவரம் விவரமாக மனத்தில் ஓட்டியவர்கள், பொதுவாகக் கவனத்தைத் திருப்பச் சொல்லப்பட்டவர்களையும் எந்த அறிவுரையும் பெறாதவர்களையும்விட விரைவில் தூங்கினார்கள். படுக்கையில் அவர்களைத் துன்புறுத்திய நினைப்புகளும் அடங்கின. ‘வேறு ஏதாவது யோசி’ என்பது போதவில்லை. காட்சிக்குள் மனம் மூழ்கும் அளவுக்கு விவரம் வேண்டும்: ஆற்றங்கரை என்றால் எந்தப் படித்துறை, நீர் முழங்கால்வரையா கணுக்கால்வரையா, மணல் சுடுகிறதா குளிர்கிறதா என்பதுவரை.

வேண்டியதைக் காட்சியாகப் பார்த்தே அடையலாம் என்னும் மேனிஃபெஸ்டேஷன் பயிற்சிகளோடு என் முரண்பாடும் இங்கேதான். அவை படுக்கைக்குக் கொண்டுவரச் சொல்வது இதத்தை அல்ல, இலக்கை. சம்பளத் தொகை, காரின் நிறம், மேடையில் கைதட்டல். அடைய வேண்டிய ஒன்றை நினைத்தால், அது இன்னும் கிடைக்கவில்லையே என்ற ஏக்கமும் சேர்ந்தே வருகிறது. மனம் தளர்வதற்குப் பதில் கணக்குப் போடத் தொடங்குகிறது. தூக்கம் தள்ளிப்போகிறது. கனவுக்கு வேண்டிய முதல் பொருளே தூக்கம். அதைக் கொடுத்துக் கனவை வாங்குவது நட்டம்.

பெட்டிச் செய்தி: கனவு என்று தெரிந்தே காணும் கனவு
கனவுக்குள் இருக்கும்போதே இது கனவு என்று உணர்வதற்கான பயிற்சியிலும் மனக்காட்சிக்கு இடம் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் வகுத்த முறையில், பின்னிரவில் எழுந்து, சற்று முன் கண்ட கனவுக்குள் மறுபடி இருப்பதாகவும், அது கனவு என்று கண்டுகொள்வதாகவும் மனத்தில் ஓட்டிக்கொண்டே தூங்க வேண்டும். அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த முறையைச் செய்து 5 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு 46 சதவீத இரவுகளில் அது கைகூடியது. காட்சிக்கும் கனவுக்கும் தூரம் குறையக் குறையப் பலன் கூடுவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. நள்ளிரவில் எழுவதுதான் இதற்கான விலை. தூக்கக் குறைவு ஏற்கெனவே உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம்.

வாசலில் நிற்பவர் யார்?

கதவு இருக்கிறது என்று தெரிந்ததும் வணிகர்கள் வந்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் சூப்பர் பௌல் கால்பந்து இறுதிப்போட்டியை ஒட்டி, கூர்ஸ் பீர் நிறுவனம் ஒரு விளம்பர முயற்சியில் இறங்கியது. மலை, அருவி, நடுநடுவே தன் பானம் என ஒரு குறும்படம். தூங்கும்போது ஓடவிட ஒரு நெடிய ஒலிப்பதிவு. படுக்கும் முன் படத்தைப் பார்த்து, ஒலியைக் கேட்டபடி தூங்கினால் கனவில் நாங்கள் வருவோம் என்று வெளிப்படையாகவே மக்களை அழைத்தார்கள். கனவு ஆய்வாளர்கள் பதறிப்போனார்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்டிக்கோல்டு, ஹார் ஹோரோவிட்ஸ் உள்ளிட்டோர் எழுதிய திறந்த மடலில் 40 பேர் அளவில் கையெழுத்திட்டார்கள். தூங்குகிறவரின் மனத்தை விளம்பரப் பலகையாக்குவதைத் தடுக்க விதிகள் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. தாங்கள் ஆய்வுக்காகவும் நோய் தீர்க்கவும் கண்டறிந்த வழியைக் கொண்டே பீர் விற்பதைப் பார்த்தவர்களின் கோபம் அதில் இருந்தது.

ஒரு பீர் விளம்பரத்துக்கு இவ்வளவு கவலை தேவையா என்று கேட்கலாம். கனவில் ஒரு குடுவையைக் கண்டதனால் யாரும் குடிகாரராகிவிட மாட்டார் என்பது சரிதான். அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்கள் விரும்பித்தான் பார்த்தார்கள் என்பதும் சரி. ஆனாலும் டெட்ரிஸ் ஆய்வின் அந்த மூன்று நோயாளிகளை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். நுழைந்தது எது, எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் காட்சி உள்ளே போய்விட்டது. தெரியாத ஒன்றை எதிர்த்து யாராலும் வாதாட முடியாது. விழித்திருக்கும்போது பார்க்கும் விளம்பரத்தை நம்பலாம், மறுக்கலாம், எரிச்சலோடு தாண்டிப் போகலாம்; கண் சொக்கும் நேரத்தில் அந்த வாய்ப்பு எதுவும் இல்லை. கூர்ஸ் சொல்லிவிட்டுச் செய்தது. தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் கைப்பேசி சொல்வதில்லை. கட்டிலில் படுத்தபடி ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே தூங்கிப்போகிறவரின் கடைசிக் காட்சியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. விபத்துக் காணொளியா, நகைக்கடை விளம்பரமா, யாரோ யாரையோ திட்டுவதா என்பதை முடிவுசெய்வது ஒரு நிறுவனத்தின் கணக்கு நிரல். படுக்கும் முன் மனக்காட்சி என்பது இன்று எல்லோரும் செய்யும் ஒன்றாகிவிட்டது. நம்மில் பலர் அதைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பதுதான் வேறுபாடு.

கெட்ட கனவை மாற்றி எழுதுதல்

பெரியவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் அடிக்கடி வரும் கெட்ட கனவுகளால் வாழ்க்கை பாதிக்கப்படும் நிலையில் இருக்கிறார்கள். எப்போதாவது யானை துரத்துவதையோ தேர்வு எழுத மறப்பதையோ சொல்லவில்லை. வாரத்துக்குப் பலமுறை அதே நெருப்பு, அதே கை, அதே அலை. திடுக்கிட்டு விழிப்பார்கள், நெஞ்சு அடித்துக்கொள்ளும், மறுபடி தூங்கப் பயப்படுவார்கள். துலக்கம் இவர்களுக்கு வரம் அல்ல, துன்பமே அதனால்தான். இவர்களுக்கான சிகிச்சை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. விழித்திருக்கும்போது அந்தக் கனவை எடுத்துக்கொள்ள வேண்டும். தங்களுக்குப் பிடித்தபடி அதை மாற்ற வேண்டும். மாற்றிய வடிவத்தை நாள்தோறும் சில நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முடிவை மட்டும் மாற்றலாம், நடுவில் மாற்றலாம், முழுக்க வேறு கனவாகவே ஆக்கலாம். துரத்துகிறவன் கதவைத் திறக்கும் இடத்தில், திறந்தால் உள்ளே விளக்கெரியும் கூடமும் உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் இருக்கலாம். மாற்றம் நியாயமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோயாளியே அதை எழுத வேண்டும், மருத்துவர் எழுதித்தரக் கூடாது.

பேரி கிராகோவும் உடன் பணியாற்றியவர்களும் நியூ மெக்சிகோவில், பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவுகளால் தவித்த 168 பெண்களிடம் இதைச் சோதித்து, 2001-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். மூன்றே அமர்வுகள். கனவுகள் குறைந்தன, தூக்கம் தேறியது. சிகிச்சை பெற்றவர்களில் 65 சதவீதத்தினருக்கு மன அதிர்ச்சி நோயின் கடுமை ஒரு படியாவது இறங்கியது. சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் 69 சதவீதத்தினர் அப்படியே இருந்தார்கள் அல்லது மோசமானார்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி இன்று கெட்ட கனவுக் கோளாறுக்குப் பரிந்துரைக்கும் முறை இது. 2022-ல் ஜெனிவாவில் சோஃபி ஷ்வார்ட்ஸ், லாம்ப்ரோஸ் பெரோகாம்வ்ரோஸ் குழு 36 நோயாளிகளிடம் ஒரு படி மேலே போனது. மாற்றிய கனவை மனத்தில் ஓட்டும்போது பாதிப் பேருக்குப் பியானோவின் ஒரு ஸ்வரக்கூட்டு ஒலித்தது. இரவில் ரெம் உறக்கத்தின்போது, தலைப்பட்டை வழியாக எல்லோருக்கும் அதே ஒலி மெல்ல வந்தது. இரண்டு வாரத்தில் இரு கூட்டத்தாருக்கும் கெட்ட கனவு குறைந்தது; ஒலியை மாற்றுக் கனவோடு இணைத்துப் பழகியவர்களுக்கு இன்னும் வெகுவாகக் குறைந்தது, மகிழ்ச்சியான கனவுகளும் கூடின. டிமென்ட் 9 சதவீதத்தில் விட்ட ஒலிதான் இது. வெறும் ஒலியால் முடியாததை, விழிப்பில் ஒரு காட்சியோடு பிணைத்த ஒலி செய்கிறது.

கற்பனைதான் வேலை செய்கிறதா, மருத்துவரிடம் பேசிய ஆறுதல்தான் வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஜெனிவா ஆய்வு ஒரு பதில் வைத்திருக்கிறது. இரு கூட்டத்தாரும் அதே சிகிச்சையைப் பெற்றவர்கள், அதே மனிதர்களோடு பேசியவர்கள். கூடுதல் பலன், காட்சியோடு கோத்த ஒலியிலிருந்துதான் வர முடியும்.

இதற்கு மாத்திரை தேவையில்லை, தாளும் பேனாவும் பழக்கிவிடும் ஓர் ஆளும் போதும். அதனால்தான் நம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்து ஈழத்தமிழரின் உள்ளத்துக் காயங்களை 1998-ல் ஒரு நூலாகவே பதிவுசெய்தார். குண்டும் ஷெல்லும் ஓய்ந்த பின்னும் இரவில் அவை ஓயாதவர்கள் அங்கும், புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ல் அலை வந்துபோன நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள். அடி உதை ஓயாத வீடுகளில் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் கெட்ட கனவை நோயாக நினைப்பதில்லை. திருநீறு பூசி, தலையணைக்கடியில் இரும்பு வைத்து, யாரிடமும் சொல்லாமல் தாங்கிக்கொள்கிறார்கள். திருநீறு ஆறுதல் தரும், அதை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் தலைவலிக்கும் மயக்கத்துக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வரும் ஓர் அம்மாவிடம், ‘தூக்கம் எப்படி, கனவு ஏதாவது தொந்தரவு செய்கிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்பதற்கு அரை நிமிடம் போதும். ஆமாம் என்றால் கனவை மாற்றி எழுதும் முறையை மனநல ஆலோசகர் சில அமர்வுகளில் பழக்கிவிடலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். கடும் அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் இதைத் தனியே வீட்டில் தொடங்கக் கூடாது, முதல் முறை மிகக் கொடிய கனவை எடுக்கவும் கூடாது. சற்று லேசான ஒன்றில் தொடங்கிப் பழக வேண்டும். காட்சி ஓட்டிப் பார்ப்பதையும் படுக்கை நேரத்துக்கு ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. பகலில், வெளிச்சத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்தாலும் பலன் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர்களுக்கும், இலங்கையின் வடக்கு கிழக்கில் வேலை செய்யும் உளவளத் துணையாளர்களுக்கும் இதைக் கற்பிக்கத் தமிழில் எழுதிய ஒரு கையேடும் சில நாள் பயிற்சியும் முதல் தேவை.